நான் போட்ட நாதஸ்வரம்

பிள்ளைகளே, நாளை உங்கள் அம்மா மறுபடியும் திண்டிவனம் போகிறாள். போன சனிக்கிழமைதானே போனாள், ஏன் மறுபடி என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டபோது, பென் டிரைவ் தானாக ஓடி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். அம்மாவுக்கு உண்மை தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அம்மா வேலை பார்க்கும் புதுச்சேரி ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கு பெல்லி டான்ஸ் வகுப்பு நடக்கிறது. நாளெல்லாம் நின்று நின்று அவளுக்கு இடுப்பு வலி. அந்த வலிக்காகத்தான் போய்ச் சேர்ந்தாள். வலி போனது, ஆட்டம் ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்களிடம் யோகா என்றே நான் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

திண்டிவனத்தில் பெண்களுக்கு மட்டுமான ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் டான்ஸ் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அந்த ஓனரம்மா ஒரு நிபந்தனை போட்டார். பாட்டு அவர்கள் போடுவார்கள், என்ன பாட்டு என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அங்கே பயிற்சிக்கு வரும் பெண்கள் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும்.

"கெடைச்சா கடையில நிக்கிற வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுடலாங்க. வலிச்ச இடுப்பே சோறு போடட்டும்" என்று சிரித்தாள். ஆனால் தெரியாத பாட்டு போட்டால் அவளுக்கு ஆட்டம் வராது. மனப்பாடம் செய்த ஆட்டம் அது. "அடுத்து இன்னான்னு யோசிக்கிறதுக்குள்ள பாட்டு போயிடுது" என்பாள்.

புதுச்சேரி டீச்சர் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். வார விடுமுறையில், நீங்கள் விளையாடப் போன பிறகு, நம் மைக்செட் ஷெட்டில் அதைச் செய்வோம். முதலாவது, கைகளைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க இடுப்பால் மட்டும் ஆடுவது. இரண்டாவது, சீட்டு. நான் எதையாவது எழுதிப் போட வேண்டும், அவள் எடுத்து அதை ஆட வேண்டும்.

"டான்ஸ பத்தி ஒண்ணும் எழுதாதீங்க. நீங்க பாக்குறத எழுதுங்க" என்றாள்.

கரும்பு லோடு டிராக்டர் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது என்று ஒன்று எழுதினேன். சுடச்சுட அவித்த மல்லாட்டையைத் தோல் உரித்துக் கடலை எடுக்கிறார்கள் என்று ஒன்று. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள் என்று இன்னொன்று. டிராக்டருக்கு அவள் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி, நின்று, முக்கி முக்கி ஏறியது.

"இன்னும் கொஞ்சம் சாஞ்சா கரும்பு ரோட்டுல கொட்டிடும்மா."

"கொட்டினா நீங்க பொறுக்குங்க."

மூன்றாவது பயிற்சிதான் என்னால் தாங்க முடியாதது. பாட்டு ஓடும்போது சொல்லாமல் நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் சத்தமே இருக்கக் கூடாது. அந்த நிமிடத்தை அவள் தானாக ஆடி நிரப்ப வேண்டும்.

"இன்னாங்க, பத்து எண்றதுக்குள்ள போட்டுட்டீங்க?"

"கை தானா போவுதும்மா."

"கையக் கட்டிக்கினு உக்காருங்க."

என் தொழில் அப்படி. கல்யாண மண்டபத்தில் சத்தம் நின்றால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகவே என் பென் டிரைவில் முதல் பாட்டாக நாதஸ்வரம் இருக்கும். என்ன பழுதானாலும் அதை அழுத்திவிட்டு, பிறகுதான் ஒயரைப் பார்ப்பேன். அந்தப் பட்டனுக்கு என் விரல் கண் பார்க்காமலே போகும்.

திண்டிவனத்தில் ஸ்பீக்கர் கரகர என்கிறது என்று கேள்விப்பட்டதும், நம்முடையதைக் கொண்டுவருகிறேன் என்று நானே வலியச் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதுதான் காரணம். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அதனால் ஸ்பீக்கர் உள்ளே, நானும் ஆம்ப்ளிஃபயரும் கதவுக்கு வெளியே மாடிப்படியில். ஓனரம்மா தன் ஃபோனை ஒயரில் மாட்டி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரபிப் பாட்டு ஒன்று. அம்மா இடுப்பில் கட்டும் காசு தைத்த துணியின் சத்தம் தாளத்தோடு சரியாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது அந்த ஃபோனுக்கு ஓர் அழைப்பு. திரையில் 'பால்காரர்' என்று இருந்தது. பாட்டு நின்று, மணிச்சத்தம் ஸ்பீக்கரில் அலறியது. பிறத்தியார் ஃபோன், கட் பண்ணலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். மணி தானாக அடங்கியது. பாட்டு திரும்பி வரவில்லை. ஃபோன் பூட்டிக்கொண்டது.

உள்ளே காசுச் சத்தமும் இல்லை. நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு எண்ணும்போது உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. விரல் அந்தப் பட்டனுக்குப் போய்விட்டது.

நாதஸ்வரம், முழுச் சத்தத்தில், கெட்டிமேளத்தோடு.

கதவு திறந்தது. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஓனரம்மா பேசியது காதில் விழுந்தது: "ஃபோன் அடிச்சப்பகூட நல்லா ஆடினீங்களே, மேளம் வந்ததும் ஏம்மா செலை மாதிரி நின்னுட்டீங்க? கிளாஸ்னா ஆயிரம் நடக்கும். சரி, சொல்லி அனுப்புறோம்."

திரும்பி வரும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும், டெம்போவில் அவள் கேட்டாள். "அந்த மேளம் எப்படிங்க வந்துச்சு?"

"ஃபோன் நின்னதும் பென் டிரைவ் அதுவா ஓடிடுச்சும்மா."

அவள் நம்பினாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். மணி அடித்தபோது தோளால் அதற்கு ஆடினாளாம். மணி நின்றதும் இடுப்பை அசைக்காமல், விரல்களால் மட்டும், சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றி மல்லாட்டை உரித்தாளாம்.

"ஒரு ஆயா வாயாலயே உஸ்ஸு உஸ்ஸுன்னு ஊதுறாங்க. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்ப எனக்கு பயமே இல்லீங்க. மொத தடவையா."

அந்தச் சிரிப்புத்தான் நான் வெளியே கேட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் திண்டிவனத்திலிருந்து ஃபோன் வரவில்லை. அவள் எப்போதும்போல் காலையில் புதுச்சேரி பஸ் ஏறினாள். பஸ் பிடிக்க ஓடும்போதும் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் பஸ்ஸில் கண்டமங்கலம் தாண்டி வந்துகொண்டிருக்கும் நேரம், ஷெட்டிலிருந்து நானே ஓனரம்மாவைக் கூப்பிட்டேன்.

"மேளத்த போட்டது நாந்தாங்க. அவங்க மேல தப்பு இல்ல."

"ஏன் போட்டீங்க?"

"நின்னுட்டாங்கன்னு நெனச்சிட்டேங்க."

"இது உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மொதல்ல அங்க சொல்லுங்க. அப்பறம் சனிக்கிழம மறுபடி வரச் சொல்லுங்க, பாக்கலாம். நீங்க வராதீங்க."

வைத்துவிட்டார். அம்மா வர இன்னும் அரைமணி இருந்தது. ஷெட் கதவைச் சாத்தினேன். சுவரைப் பார்த்து நின்று, "நாந்தாம்மா போட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கதவுப் பக்கம் திரும்பி நின்று மறுபடியும் சொன்னேன்.