அத்திக்குக் குளிருமா?

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் அவர். ஒல்லியான உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு பீடி. துணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையில் மிஞ்சுவதைத் தரையில் உதறுவார்.

சீமை அத்தி வளர்க்கும் ஆசையில் பத்துக் குச்சிகள் வாங்கினேன். குளிர்நாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவில் சொன்னபடியே பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பிரிட்ஜுக்கு மேல் சூட்டில் வைத்தேன். தேய்த்த துணியைக் கொடுக்க வந்த இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், அதுக்குக் குளிருதா?”

ஒன்பது அழுகிப்போயின. பத்தாவதைக் குப்பையில் போடப் போனேன். அவர் கேட்டு வாங்கி, தன் இஸ்திரி வண்டியோரம் ஒரு பெயின்ட் டப்பாவில் ஊன்றினார். கை உதறுகிற தண்ணீர் அதில் விழுந்தது. ஒரே மாதத்தில் இலை. வயிற்றெரிச்சலில் கொஞ்ச நாள் நான் வேறு தெரு வழியாகப் போய்வந்தேன்.

மறு வருஷம் ஒருநாள் துணி வாங்க வண்டிக்குப் போனேன். இஸ்திரி போட்ட என் சட்டைகளின் மேல் ஒரு பழத்தை வைத்து நீட்டினார்.

“மொதல் பழம் சார். உங்க குச்சியாச்சே. எப்டிக்கீது?”

தேனாக இருந்தது.

“சப்புன்னு இருக்குப்பா,” என்றேன்.

“அப்டியா சார்? நான் இன்னும் துன்னு பாக்கல,” என்றபடி அடுத்த துணிக்குத் தண்ணீர் தெளித்தார்.

செடியில் இன்னும் மூன்று காய்கள் இருந்தன. அன்றிலிருந்து என் சட்டைகளை நானே தேய்த்துக்கொள்கிறேன்.