சிரித்துக்கொண்டே கேட்ட லீவு

ஒருவர் தம் தாயார் இறந்துபோன செய்தியைச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் அவர் தோளில் தட்டி, "சபாஷ்!" என்றும் சொன்னேன். இதை இத்தனை வருஷமாக எங்கும் எழுதியதில்லை. என் ஹாஸ்யத்தை மெச்சிக் கடிதம் போடும் வாசகர்கள் இதைப் படித்த பிறகும் மெச்சுவார்களா தெரியாது. மெச்சினால் அவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அது யுத்தக் காலம். பம்பாயில், மாட்டுங்காவிலிருந்த ஒரு கல்லூரியின் ஆபீஸில் நான் ஜூனியர் குமாஸ்தா. என்னை எழுத்தாளன் என்று நானும், சுமாராக டைப் அடிப்பவன் என்று ஆபீஸும் நினைத்துக்கொண்டிருந்தோம். சாயத்தொழில் ரசாயனம் படிக்கச் சீனாவிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். நான் குடியிருந்த மாடியிலேயே அவருக்கும் ஒரு அறை கிடைத்தது. எங்கள் சூப்பரிண்டெண்ட் திருநெல்வேலிக்காரர். "வேத்து நாட்டுப் பிள்ளை, ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா நமக்குல்லா தலைவலி. வாராவாரம் ஆள் எப்படி இருக்காருன்னு எழுதிக் குடும்வே" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். "மாணவர் நலம். எப்போதும் சிரித்த முகம்." உண்மையிலேயே அவர் எப்போதும் சிரித்தார். ரசம் புரையேறினாலும் சிரித்தார். தெருப் பிள்ளைகள் கண்ணைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டிக் கத்தியபோதும் சிரித்தார். குண்டு விழுந்த ஊர்களின் பட்டியலைப் பேப்பரில் காட்டி, "இது எங்கள் ஊர்" என்றபோதும் சிரித்தார். நான் பேப்பரைப் படிக்காமல் முகத்தைப் படித்துவிட்டு, "மாணவர் உற்சாகம்" என்று எழுதினேன். நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸைக் கீழ்வீட்டுப் பாலக்காட்டு மாமி நடத்திவந்தாள். "ஏண்டா, அந்தக் குழந்தை பருக்கையை எண்ணி எண்ணிச் சாப்பிடறதே, நோக்குக் கண் இல்லையா?" என்று அவள் கேட்டாள். அந்த வாரம், "மிதமான உணவுப் பழக்கம்" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் தம் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். மறுநாள் ஆபீஸ் தபாலோடு நான் சேர்த்துவிடுவேன். அவரிடமிருந்து கடைசியாகப் பதில் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. யுத்தத் தபால் அப்படித்தான் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லீவு வேண்டுமென்றால் உறவினரில் யாரையாவது சாகடிப்போம். எனக்கு அந்த ஒரு வருஷத்தில் மட்டும் மூன்று பெரியப்பாக்கள் காலமாகியிருந்தார்கள். என் அப்பாவோ தலைச்சன் பிள்ளை. ஒரு நாள் இந்தக் கலையைச் சீன மாணவருக்கு விஸ்தாரமாக விளக்கினேன். கடைசிவரை சிரித்தபடி கேட்டார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் சென்சார்காரர்கள் கத்தரித்து ஒட்டிய உறை. முகத்தில் வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு. நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். "என் தாயார் இறந்துவிட்டார். நாளைய லேபரட்டரிப் பரிசோதனைக்கு வர இயலாது. மூன்று நாள் லீவு கிடைக்குமா?" என்றார்.

"சபாஷ்!" என்றேன். "ஆனால் எடுத்த எடுப்பில் அம்மாவா? முதலில் ஒரு சித்தப்பாவில் ஆரம்பிக்க வேண்டாமா?"

அந்தச் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. "நன்றி" என்று தலை குனிந்துவிட்டுப் போனார். சிஷ்யன் தேறிவிட்டான் என்ற பூரிப்பில், இதை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதலாமே என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குக் கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. அது சாப்பிடக் கூப்பிடும் குரல் அல்ல.

"மேலே என்னடா பண்ணிண்டிருக்கே? அந்தக் குழந்தை கையிலே வெள்ளைத் துணியைக் கட்டிண்டு வந்து நின்னான். இலையிலே உட்காரலை. 'அம்மா இல்லே'ன்னான். அவனுக்குத் தெரிஞ்ச தமிழே பத்து வார்த்தை. அதிலே ரெண்டைச் சொல்லிட்டு விறுவிறுன்னு எங்கேயோ போறான்."

"என்கிட்டே சிரிச்சுண்டே சொன்னார், மாமி..."

"சிரிச்சா சந்தோஷம்னு நோக்கு யார் சொல்லித் தந்தா? ஓடு!"

ஓடினேன். ஸ்டேஷன் பாலத்துக்குக் கீழே தண்டவாளத்தையொட்டி ஒரு கூட்டம் நின்றது. கிட்டே போய்ப் பார்க்கத் துணியவில்லை. சுமை தூக்கும் ஹமால் ஒருவனிடம், "க்யா ஹுவா?" என்று விசாரித்தேன். "பக்ரி, பாபு. பக்ரி கட் கயா" என்றான். ரயிலில் அடிபட்டது ஆடு. அதைக் கேட்டு எனக்கு அழுகை வருமளவுக்குச் சந்தோஷம். அன்று காலையில் தப்பான இடத்தில் நான் பட்ட சந்தோஷங்களில் அது இரண்டாவது.

அங்கிருந்து கல்லூரிக்கு ஓடினேன். வாட்ச்மேன் மாடியைக் கை காட்டினான். சீனா சாப் லேபரட்டரி சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய் அரை மணி நேரம் ஆகிறதாம். அந்த லேபரட்டரியில் மண்டையோடு போட்ட லேபிள் ஒட்டிய அலமாரி ஒன்று உண்டு. அதில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை டைப் அடித்தவனே நான்தான். அறுபது படிகள். ஒவ்வொரு படியிலும் அந்தப் பட்டியலின் ஒரு வரி ஞாபகம் வந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கண்ணாடி கண்ணாடியில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு கைகளாலும் அறைந்தேன்.

கதவு திறந்தது. அதே சிரிப்பு. புஜத்தில் துக்க அடையாளமாக வெள்ளைக் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தார். அலமாரி பூட்டியபடியே இருந்தது. மேஜையில் பியூரெட் என்கிற, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து திரவம் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைய பரிசோதனையை இன்றே முடித்துவிடுகிறேன்" என்றார். "லீவு கிடைக்காது என்று புரிந்துகொண்டேன். இந்த நாட்டில் அது சித்தப்பாவுக்குத்தான் போலிருக்கிறது."

அது குத்தலா, நிஜமாகவே அப்படி நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உளறிக்கொட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். தங்கள் பக்கத்தில் சொந்தத் துக்கத்தைப் பிறரிடம் சொல்லும்போது சிரித்துத்தான் சொல்வார்கள், கேட்பவர் மனம் கனத்துவிடக் கூடாது அல்லவா என்றார். பிறகு பியூரெட்டைக் காட்டி, "அளவைப் படித்துச் சொல்ல முடியுமா? எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை" என்றார்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக. சிரிப்புக்கு மேலே இரண்டும் தளும்பிக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்து, "இருபத்துமூன்று" என்றேன்.

"புள்ளிக்குப் பிறகு?"

"புள்ளிக்குப் பிறகும் ஏதோ இருக்கிறது."

பென்சில் அவர் கையிலிருந்து விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தாயார் போய் ஏழு மாதம் ஆகிவிட்டதாம்; இல்லாத ஒருவருக்கு ஞாயிறுதோறும் எழுதியிருக்கிறார். அதையெல்லாம் தபாலில் சேர்த்த நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்தேன். குழாய் முழுவதும் சொட்டித் தீர்ந்து பரிசோதனை பாழாயிற்று. இருவரும் அதைத் தொடவில்லை.

அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். மாமி அவரைக் குழாயடியில் உட்காரவைத்து, துக்கம் கேட்டவர்களுக்குச் செய்கிறபடி இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் கொட்டினாள். எனக்கும் சேர்த்துத்தான். மோர்சாதத்தைப் பிசைந்து அவர் கையில் உருட்டி வைத்தாள். பெரிதாக அழுதுகொண்டே சாப்பிட்டார். பருக்கையை எண்ணவில்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பும்வரை எங்களோடுதான் இருந்தார். படித்தும் தேறினார். நடுவில் சில நாட்கள் சிரிக்காமலும் இருந்தார். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, வழக்கமான இரண்டு வரிக்குப் பதிலாக நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். என் குருட்டுத்தனம், என் வெட்கம், தண்டவாளத்தருகே என் நெஞ்சு அடித்துக்கொண்டது, படியேறும்போது என் மனம் பட்ட பாடு, எதையும் விடவில்லை. அதுவரை நான் எழுதியதிலேயே சிறந்த உரைநடை அதுதான் என்று நிச்சயமாக நம்பினேன். சூப்பரிண்டெண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். மூன்று நாள் லீவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் சரிதான்வே. இதுல அந்தப் பிள்ளை எப்படி இருக்காருன்னு எங்க எழுதியிருக்கீரு?"