இவர்கள் ரத்தமே அப்படித்தான்

சிவப்பணுவைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவள் என்று என்னை மேடைகளில் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் முதல் கட்டுரையை அவர்களில் யாரும் படித்ததில்லை. படித்திருந்தால் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் பேட்டரித் தகடு வார்க்கும் கொட்டகையில் ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்திவாக்கத்துக்காரர்; கடலை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போனவர். வெளுத்த முகம், உயிர் போகும் வயிற்றுவலி. வயிற்றில் கொக்கிப்புழு என்று சொல்லி, கம்பெனி டாக்டர் பேதி மருந்தாகக் கொடுத்துத் தள்ளியிருந்தார். நான் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் நீலப் பொடி தூவியதுபோலப் புள்ளிகள். ஈயம் உடம்பில் ஏறியவர்களுக்கு அப்படி வரும். கொட்டகையில் அவரோடு நின்ற மற்றவர்களுக்கும் அதே புள்ளிகள்.

அவரை உலையிலிருந்து மாற்றி வேறு வேலையில் போடவேண்டும், அவ்வளவுதான். ஈயம்தான் காரணம் என்று எங்கள் பேராசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கொட்டகைக்குப் போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார் என்றார். நியாயமான பேச்சு. உலையில் நின்றவருடைய குப்பத்திலேயே, அதே தண்ணீர் குடித்து அதே மீன் தின்னும் கட்டுமரக்காரர்களிடம் ரத்தம் எடுத்தேன். அவர்களில் பலருக்கும் புள்ளிகள் இருந்தன.

எனக்குத் தலை சுற்றியது. பேராசிரியருக்குச் சுற்றவில்லை. கம்பெனி டாக்டரோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்து, "ஈயமும் இல்லை, கீயமும் இல்லை. இவர்கள் ரத்தமே அப்படித்தான்" என்றார். அதையே மரியாதையான இங்கிலீஷில் எழுதி, என் பெயரையும் சேர்த்து மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். ஒரு குப்பத்து ஜனங்களின் ரத்தத்தையே குறை என்று எழுத எவ்வளவு சுலபமாக மனசு வந்தது! அந்தக் குப்பத்தில் ஒரு நாளாவது போய் நின்று பார்த்தவரா அவர்?

நான் போய் நின்றேன். உலைக்காரரின் மைத்துனர் மணலில் உட்கார்ந்து வீச்சு வலைக்கு ஈயக் குண்டு மாட்டிக்கொண்டிருந்தார். குண்டின் பிளவில் வலைக் கயிற்றை வைத்து, வாயில் கொடுத்து, கடைவாய்ப் பல்லால் ஒரே கடி. கடிக்கக் காத்திருந்த குண்டுகளும் கன்னத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. பல்லு கீறப்போ குறடு எதுக்கு என்று சிரித்தார். பக்கத்தில் வலை சரிபார்த்தவர்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வாயில் கடிக்கும் ஈயம்தான் ரத்தத்தில் ஏறுகிறது என்று சொன்னேன். முதலில் கேலி செய்தார்கள், பிறகு குறடு வாங்கினார்கள். பேராசிரியரிடம் ஓடினேன். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, வேண்டுமானால் மறுபடி நிரூபித்துக்கொண்டு வா என்றார். உலைக்காரரின் மனைவி என்னை வழியிலேயே மறித்தாள்.

"ரத்தத்துல இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியும் இல்லம்மா? அப்பால இன்னாத்துக்கு அவர நெருப்பாண்ட நிக்க வுட்டுகினு கீறீங்க?"

பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவள் கோபத்தை வாங்கிக்கொள்ள நான்தான் அகப்பட்டேன்.

மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி ரத்தம் எடுத்தேன். கட்டுமரக்காரர்களுக்குப் புள்ளிகள் மறைந்திருந்தன. கொட்டகைக்காரர்களுக்கு அப்படியே இருந்தன. குப்பத்துக்காரர்கள் புது ரத்தத்தோடு மறுபடி பிறந்து வந்துவிட்டார்களா என்று பேராசிரியரிடம் கேட்டேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கேட்டேன். அவர் பேனாவைத் திறந்து, ஈயம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு காத்திவாக்கம் போனேன். உலைக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கட்டுகளும் செத்த மீன் மாதிரி தொங்கின. ஈயம் நரம்புகளில் இறங்கியிருந்தது. ஈயம் மொள்ளும் அகப்பையைத் தூக்க முடியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று போன வாரம்தான் கம்பெனி அவர் சீட்டைக் கிழித்திருந்தது. மனைவி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஈயம்தான் என்று எழுதி வாங்கிவிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கடுதாசிய அவுரு கைல குடும்மா. புடிக்கிறாரா பாக்கலாம்."