கம்பி அக்கா அளந்த நேர்கோடு

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கம்பி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த நானும் அப்படித்தான். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, அரிசியளவு சில்லில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவது அவள் வேலை. வீட்டில் ஊசியில் நூல் கோக்கும்போதும் மூச்சைப் பிடிப்பாள் என்று அவள் புருஷன் கேலி செய்வார். நான் ஹீலியம் ஊற்றுகிறவன். அந்தத் திரவம் இல்லாமல் அங்கே எந்தச் சில்லும் குளிராது. அதனால் பெரிய விஞ்ஞானிகள்கூட என்னிடம் கொஞ்சம் குழைந்துதான் பேசுவார்கள்.

அந்தச் சில்லுகள் ரெண்டுங்கெட்டான் சரக்கு. முழு உலோகமும் கிடையாது, மின்சாரத்தை அடியோடு மறிக்கவும் தெரியாது. உள்ளே அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கும். கடுங்குளிரில் மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, மின்னோட்டம் முதலில் ஒழுங்காக நேர்கோட்டில் ஏறும். பிறகு கோடு வளைந்து மேலே பாயும். ஏன் பாய்கிறது என்பதில்தான் சண்டை. மின்புலமே எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகிறது என்றால் அது கண்டுபிடிப்பு. மின்சாரம் பாய்ந்து சில்லு சூடாகிவிட்டது என்றால் அது வெறும் சூடு.

அந்தச் சில்லுகளை ஆராய்ந்த ஆய்வாளனும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் நாலு மாதம்தான் இளையவன், ஆனாலும் வாய்க்கு வாய் அக்காதான். அவளுடைய மதியச் சாப்பாட்டில் பாதி அவனுக்குப் போகும். "நீங்களே எழுதுங்கக்கா, என் எழுத்து எனக்கே புரியாது" என்று குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளுவான். எழுதுகிறவர்தான் பக்கத்தின் அடியில் ஒப்பமிட வேண்டும் என்பது எங்கள் இடத்து விதி. பதினாறு வருஷமாக அவன் செய்ததையும் சொன்னதையும் எழுதி, அவளே ஒப்பமிட்டாள்.

வெப்பமானியைச் சில்லின் மேலேயே ஒட்டியபோது இரண்டு சில்லுகள் விரிசல் விட்டன. "கீழே செப்புக் கட்டையில ஒட்டிடலாம்க்கா, எல்லாம் ஒரே குளிர்தானே" என்றான். அவளும் அப்படியே ஒட்டி, எழுதிவைத்தாள். கோடு அழகாக வளைந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டை குளிர்ந்திருந்தாலும் சில்லு சூடாகலாம் அல்லவா? ஒரு விடுமுறை நாளில் என்னைக் கெஞ்சி ஹீலியம் வாங்கினாள். விடுமுறையில் தரக்கூடாது. நான் பதிவேட்டில் ஏற்றாமல் கொடுத்தேன். மின்சாரத்தைத் தொடர்ந்து விடாமல், சில்லு சூடாக நேரமே இல்லாதபடி கண்ணிமைப்பதைவிடச் சின்னச் சின்னத் துடிப்புகளாக விட்டு அளந்தாள். வளைவு போய் நேர்கோடு வந்தது. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன்.

குறிப்பேடு அவன் அறையில் பூட்டிக் கிடந்ததால் தனித்தாளில் எழுதி, மறுநாள் அவன் கையிலேயே கொடுத்தாள். "துடிப்பு விடற கருவியில ஏதோ கோளாறுக்கா. நான் பாத்துக்கிறேன்" என்றான். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். வளைந்த கோட்டோடு கட்டுரை வெளிவந்தது, அவன் துறைத்தலைவரானான்.

இரண்டு வருஷம் கழித்து வேறோர் ஆய்வகம் துடிப்பு விட்டு அளந்து, இது வெறும் சூடு என்று எழுதிவிட்டது. விசாரணைக் குழு வந்தது. அவன் குறிப்பேட்டைத் திறந்து வைத்தான். வெப்பமானி செப்புக் கட்டையில் ஒட்டப்பட்டது என்று அவள் எழுத்தில் இருந்தது, கீழே அவள் ஒப்பம்.

"அக்காவை முழுசா நம்பினேன் சார். அவங்க இடம் மாத்தி ஒட்டினது எனக்குத் தெரியவே தெரியாது" என்றான். பாவி, அப்போதும் அக்கா என்றுதான் சொன்னான்.

அவள் தனித்தாளைப் பற்றிச் சொன்னாள். அப்படியொரு தாளே இல்லை என்றான். "அன்னிக்கு ஹீலியம் குடுத்தவரையே கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள், துளியும் பதறாமல்.

கூப்பிட்டார்கள். எனக்கு ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. உண்மையைச் சொன்னால் முப்பது வருஷ வேலைக்குப் பிறகு அவப்பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். "லீவு நாள்ல நான் ஹீலியம் குடுத்ததே இல்லைங்க" என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். சாவிகளை ஒப்படைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அவன் பொய் சொன்னப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சுண்ணே. நீங்க சொன்னப்பதான், அன்னிக்கு நான் நிஜமாவே அளந்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."