யாரும் நிறுத்தலாம்

என் அண்ணனின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. அவையும் சரியாக மடங்குவதில்லை. இது எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், முதலில் நான் எழுதிய ஒரு தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டியில் ஓர் அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோர்ப்பது என் வேலை. கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், எல்லாம் என் கையால்தான் போகும். நகரத்தில் ஒரு நலன்புரிச் சங்கம் திகனப் பக்கம் ஒரு மைதானத்தில் திறந்தவெளி இசைநிகழ்ச்சி வைக்கத் தீர்மானித்தது. அதன் செயலாளர் ஓய்வுபெற்ற மனிதர், யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர். ஒருநாள் ஆங்கிலத் தாள் ஒன்றோடு அச்சகத்துக்கு வந்தார்.

"இதைத் தமிழாக்கித் தாருங்கோ பிள்ளை. வாற தொண்டர்மாருக்குப் பாதுகாப்புப் பற்றி விளங்கோணும். பிறகு ஒருத்தரும் தெரியாதெண்டு சொல்லக் கூடாது" என்றார்.

கடைசி வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. அந்தத் தாளே அதற்காகத்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

ஏதோ வெளிநாட்டில் எழுதிய தாள். வெயிலுக்குப் பூச ஒரு களிம்பு கொண்டுவரச் சொல்லியது. காலையிலிருந்து மாலைவரை வெயிலில் கொழுந்து பறிக்கிறவர்கள் இருக்கும் ஊரில் அதை எப்படி வாசிப்பது? வெட்டிவிட்டேன். பாரத்தை முழங்காலை மடக்கித் தூக்கு, ஈரக் கையால் வயரைத் தொடாதே, ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றால் காதில் பஞ்சு வை, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடி. இப்படிப் பதினொரு குறிப்புகள் மிஞ்சின. ஆறாவது, காற்று கூடாரத்தைத் தூக்கினால் பிடித்து நிறுத்தப் பார்க்காதே, விட்டுவிட்டு விலகு என்பது. ஏழாவது இது: ஆபத்து என்று தோன்றினால் யாரும், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், வேலையை நிறுத்தலாம்.

ஏழாவதை நான்கு தடவை மாற்றி எழுதினேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்கு அப்படி ஒரு வாக்கியத்தை அச்சில் பார்க்க ஆசையாக இருந்தது. அதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன்.

தாள் தயாரானது, ஆள்தான் போதவில்லை. "உங்கட தோட்டத்துப் பக்கம் ஆக்கள் வருவினமோ?" என்று செயலாளர் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பன்விலப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பத்தொன்பது பேரைச் சேர்த்தேன். அண்ணன் முதல் ஆளாக வந்தார். அவர் தேயிலை ஆலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெசினைப் பார்ப்பவர். நான் உயர்தரம் படித்த காலத்தில் விடியற்காலை டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோட்டுவரை என்னோடு நடந்தவர். மேடையில் வாத்தியம் வாசிப்பதை முன்வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலை முடிந்ததும் முன்னால் கதிரை போட்டுத் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நிகழ்ச்சி நாள் காலையில் மைதானத்தில் எல்லாரும் கூடினோம். நகரத்துத் தொண்டர்கள் விருந்தினரை வரவேற்கவும் வாசலில் நிற்கவும் பிரிந்துபோனார்கள். கதிரை இறக்குவது, இரும்பு சுமப்பது, கூடாரம் நிறுத்துவது எங்கள் ஆட்களுக்கு. எல்லாம் தொண்டுதான் என்றார்கள். தொண்டில் பாரமான பாதி எங்கள் பக்கம் வந்தது தற்செயல் என்று நானும் அன்றைக்கு நம்பினேன்.

என்னைக் குழுத் தலைவியாக்கி மஞ்சள் அங்கி ஒன்றும், பேசுகிற வோக்கி டோக்கி ஒன்றும், கழுத்தில் தொங்க ஒரு விசிலும் கொடுத்தார்கள். ஆபத்தென்றால் நீளமாக ஊத வேண்டும், ஊதினால் எல்லாரும் கையில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். நான் தாளை உரக்க வாசித்தேன். ஏழாவதுக்கு வந்தபோது, மலையில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"யாரும்னா, நாங்களுமாம்மா?"

"நீங்களுந்தான் அக்கா."

"நிப்பாட்டிட்டு வந்தா அரைப்பேர் போட்டுற மாட்டாங்களா?" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோட்டத்தில் நாள் முழுக்க நின்றால் ஒரு பேர். மழைக்குப் பயந்து சொல்லாமல் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர், அதாவது அரை நாள். இடி இடித்தாலும், வேலையை மேற்பார்க்கும் கங்காணி "எறங்கு" என்று சொல்லும்வரை படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு தேயிலை நிரையில் நிற்பதுதான் எங்கள் பழக்கம். எங்கள் அம்மா அப்படி நின்றாள், அவளுடைய அம்மாவும் நின்றாள். உடம்பில் ஊறிய அந்தப் பழக்கத்தை ஒரு தடித்த எழுத்து வாக்கியத்தால் மாற்றிவிடலாம் என்று நான் நினைத்ததை என்ன சொல்ல? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பத்தொன்பது பேரும் விளங்கியது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடையோரம் பெரிய கூடாரத்தைத் தூக்கி நிறுத்தினோம். நான்கு இரும்புக் கால்கள், மேலே தார்ப்பாய். கயிற்றைக் கட்ட வேண்டிய இரும்பு முளைகள் வந்துசேரவில்லை. கூடாரத்துக்குச் சொந்தக்காரர் திகனயில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா. "முளைய எடுத்துக்கிட்டு இந்தா வாறன், அதுக்கு முன்னுக்குக் கூரைய ஏத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் போயிருந்தார். ஆனால் பிரதம விருந்தினர் நான்கு மணிக்கு வருகிறார், அதற்குள் ஏற்றிவிடுங்கள் என்று வோக்கியில் செயலாளரின் உத்தரவு வந்தது. ஏற்றினோம். காலுக்கு ஓராளாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையின் இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்துக் காலில் அண்ணன் நின்றார்.

மலைப்பக்கம் கறுத்தது. இந்தப் பக்கத்து மத்தியான மழை சொல்லாமல் வராது, முதலில் காற்றை அனுப்பும். தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது. பிடித்திருந்தவர்களின் குதிகால் புல்லை விட்டு எழும்பியதைக் கண்டேன்.

நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை. வோக்கியை எடுத்தேன்.

"ஐயா, காத்து வருது. விட்டுறச் சொல்லவா?"

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை. தலைவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

பொறுத்தேன். ஏழாவதை எழுதிய நான், பல்லுக்கு நடுவில் விசிலைக் கடித்துக்கொண்டு பதில் வரட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது தடவை தார்ப்பாய் உப்பியபோதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்தது. நானா கதவைத் திறந்து பாய்ந்து, "விடுங்க, எல்லாரும் விட்டுட்டு ஓடுங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கூடாரம் அவருடையது, விடச் சொல்ல அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் விட்டார்கள். நாலாவது கால் அதற்குள் எழும்பிச் சுழன்று இறங்கிவிட்டது. அண்ணனின் கை அதற்கும் மேடைச் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது.

அண்ணன் தன் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மஞ்சள் அங்கியைக் கழற்றித்தான் கையைச் சுற்றினேன். நானா எங்களை வேனில் ஏற்றி, பெரியாஸ்பத்திரிவரை ஹோனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். "அழாதீங்க தங்கச்சி, அல்லா இருக்கான்" என்று வழியெல்லாம் சொன்னார். மழை ஒரு மணித்தியாலத்தில் விட்டதாம். கதிரைகளைத் துடைத்துப் போட்டு நிகழ்ச்சியை நன்றாகவே நடத்தினார்களாம். முன்வரிசையில் இடம் காலியாக இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துச் சங்கம் எங்களைக் கூப்பிட்டது. விசாரணை என்று சொல்லவில்லை, ஒரு கதைபேச்சு என்றார்கள். தேநீரும் கேக்கும் இருந்தன. செயலாளர் நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை பழங்களோடு வந்து போனவர். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தாளை மேசையில் வைத்தார்.

"இது நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

"ஆமாங்க."

"எல்லாருக்கும் வாசிச்சு விளங்கப்படுத்தினனீங்களோ?"

"ஆமாங்க."

இரண்டும் உண்மை. இரண்டையும் குறித்துக்கொண்டார்கள். விசிலைப் பற்றியோ வோக்கியைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல நானும் வாயைத் திறக்கவில்லை. செயலாளருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும், அவரும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இரண்டு கதிரையும் அன்றைக்கு அந்த அறையில் எதிரெதிரே கிடந்தன.

பிறகு அண்ணனிடம் கேட்டார்கள். "காற்று வந்தால் விடச் சொல்லி இதில கிடக்குது. நீங்கள் கையெழுத்தும் வைச்சிருக்கிறியள். ஏன் விடயில்லை?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். "எழுதியிருந்திச்சிங்க. எங்க தங்கச்சி தெளிவாத்தான் வாசிச்சிச்சி. எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சி."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நிம்மதிப் பெருமூச்சு. தொண்டர் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை என்று ஒரு வரி எழுதி, எல்லாருக்கும் கேக்கை நீட்டினார்கள். எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பன்வில பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பஸ் வத்தேகம தாண்டியது. அதற்கு மேல் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, நெசத்தச் சொல்லு. ஏன் விடல?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விசில வாயில வச்சிருந்தியே. ஊதுவேன்னு ஒன்னயவே பாத்துக்கிட்டு நின்னேன்."

"அத ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா ஒனக்குத்தானே கரச்சல்."

அவர் குரலில் கோபம் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கங்காணி வேண்டாம் என்று எழுதிக்கொண்டுபோய், நானே கங்காணியாக நின்றிருக்கிறேன். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

ஸ்டோரில் அவரை மெசினிலிருந்து எடுத்து வாசலில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறாள். சங்கம் மறுபடியும் நிகழ்ச்சி வைக்கிறது. போன மாதம் செயலாளர் அதே தாளைக் கேட்டு ஆள் அனுப்பினார், நூறு பிரதி அடித்துக் கொடுத்தேன். ஏழாவது இன்னும் தடித்த எழுத்தில்தான் இருக்கிறது.

அங்கியை இரத்தக் கறையோடு ஆஸ்பத்திரியிலேயே எறிந்துவிட்டார்கள். வோக்கியை அடுத்த நாளே வாங்கிக்கொண்டார்கள். விசில் மட்டும் என் கைப்பையில் கிடக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன்.