மாமா ஊதிய மூச்சு

என் அப்பா எங்கள் மாமாவின் வாயை முகர்ந்து பார்த்தபோது, கவரைப்பேட்டையில் எங்கள் தெருவே கூடி நின்றது.

அப்பாவிடம் ஒரு பழைய வாடகைக் கார் இருந்தது. அம்மாவின் தம்பியான மாமாதான் ஓட்டினார். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போவார். கொஞ்ச நாளாக மைலேஜ் இறங்கிக்கொண்டே வந்தது. மெக்கானிக் பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைத் திருகினார். பலனில்லை. மாமாதான் டியூப் போட்டு வாயால் உறிஞ்சி பெட்ரோலை விற்கிறார் என்று அப்பா முடிவுகட்டினார்.

அன்று காலை அப்பா டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளவு பார்த்தார். திரும்பி மாமாவின் தாடையைப் பிடித்தார்.

"ஊதுடா."

"இன்னா மச்சான் இது, தெருவுல வச்சிக்கினு? இன்னும் நாஷ்டா கூட துன்னல."

"ஊதுன்றேன்ல!"

மாமா ஊதினார்.

"கப்புனு அடிக்குது பெட்ரோலு!" என்று அப்பா கத்தினார்.

மாமா சாவியைப் பானட் மேல் வைத்துவிட்டு நடந்தார். அதன்பின் அவர் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. நானோ அன்று முழுக்கத் தெருப் பிள்ளைகளோடு ஊதி விளையாடினேன்.

அப்பாவே ஓட்டியும் மைலேஜ் ஏறவில்லை. மெக்கானிக் பானட்டுக்குள் ஒரு பாட்டிலைக் கட்டி, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, அது தீரும்வரை ஜி.என்.டி. ரோட்டில் ஓட்டச் சொல்லி, தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின் சீட்டிலிருந்து நான் கிலோமீட்டர் கற்களைப் படித்துக்கொண்டே வந்தேன்.

"அப்பா, கல்லு மாறிச்சு, மீட்டரு மாறலியே!"

மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மீட்டரு ஒயரு தேஞ்சி பூட்ச்சிண்ணா. பாதி தூரம் தூங்குது. வண்டி சோக்கா கீது."

அப்பா சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டித் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஓடிப்போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"அப்ப என் தம்பி வாயில நாத்தம் வந்துச்சுன்னியே?"

"மெய்யாலுமே வந்துச்சு."

"யோவ், டேங்கத் தொறந்த கையாலதானய்யா அவன் வாயப் புடிச்ச!"

அப்பா தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அடிபம்புக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நான் பம்பு அடித்தேன்.

"போச்சாப்பா?"

அவர் மறுபடியும் சோப்பை எடுத்தார். பெட்ரோல் வாசனைக்கு எதற்கு இவ்வளவு சோப்பு என்று எனக்கு விளங்கவில்லை.