ஆமென் முடிந்த பிறகு

டனிஸ்ரனுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. பார்க் எக்ஸ்டென்ஷனில், அக்காடி மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தான். குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. காலையில் வணக்கம் சொல்லப் பிரெஞ்சில் ஒரு ‘போன்ஜூர்’, மாலையில் விடைபெற ஒரு ‘போன் சுவாரே’, இடையில் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்கள். வெள்ளி மாலை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், திங்கள் காலைவரை யாரோடும் ஒரு சொல் பேசாத வாரங்களும் இருந்தன.

அப்படியொரு வாரத்தில்தான், மூலைக்கடையில் பால் வாங்கப் போனவனை யோசெப்பின் மறித்தாள்.

“தம்பி, நீர் பிலோமினாக்காவின்ர மகன்தானே? லாப்பில வேலை செய்யிறீர் எண்டு கேள்வி.”

தாய் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே பங்குக் கோயிலுக்குத்தான் போயின. யோசெப்பினும் கணவர் அன்டனும் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. கிறிஸ்தவ வேதத்தை விட்டு விலகிப்போவார்கள் என்ற பயத்தில் வீட்டிலேயே படிப்பித்தார்கள். பங்கில் வேறு சில குடும்பங்களும் அப்படித்தான்.

“கணக்கும் சரித்திரமும் சாப்பாட்டு மேசையில ஓடுது. சயன்ஸ் பரிசோதனைதான் சிக்கல். அசிட்டைக் குசினிக்குள்ள வைச்சுக்கொண்டு நான் என்னண்டு சமைக்கிறது?”

டனிஸ்ரன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து காட்ட மாட்டேன் என்று மறுக்க முடியவில்லை.

பக்கத்து வில்லரேயில் இருந்த தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. செப்பு உப்பைச் சுடரில் பிடித்தால் பச்சையாக எரியும் என்று புத்தகத்தில் படித்திருந்த பிள்ளைகள், அது உண்மையாகவே எரிந்தபோது பிரெஞ்சில் கூவினார்கள். ஜோன் தலோன் தெரு இறைச்சிக்கடையில் வாங்கிய ஆட்டு இதயத்தை அறுத்துக் காட்டிய நாளில், அன்டனின் மூத்த மகள் அனோஜினி கையுறை போட்ட விரலை வால்வுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, “சேர், இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்குது!” என்றாள். வேலை நாட்களில் அந்தக் குரலை நினைத்துக்கொள்வான்.

வகுப்பு முடிந்ததும் நீள மேசையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். சோறு, மீன்குழம்பு, பருப்பு. அந்த வாரத்தில் அவன் இன்னொருவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடும் ஒரே சாப்பாடு அது.

ஒன்றை மட்டும் அவன் சொல்லாமல் வைத்திருந்தான். வகுப்புக்கு முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும் செபம் நடக்கும். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி முகவைகளில் தண்ணீர் நிரப்பவோ அவற்றைக் கழுவவோ போய்விடுவான். தாய் இறந்த வருடம் நம்பிக்கை அவனை விட்டுப் போயிருந்தது. கடவுளோடு சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. ஒருநாள் தேடியபோது அது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

பாஸ்காப் பண்டிகை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை அன்டன் அவனுடைய தோளில் கைவைத்தார்.

“இண்டைக்குச் செபத்தை நீர் சொல்லும் தம்பி.”

பிள்ளைகள் தலை குனிந்து காத்திருந்தார்கள். சின்ன வயதில் பாடமாக்கியது நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது.

“நான் செபம் சொல்லுறதில்லை அண்ணை.”

“என்ன, வெக்கமே?”

“இல்லையண்ணை. எனக்கு இப்ப அந்த நம்பிக்கை இல்லை.”

ஒரு சின்னவன் நிமிர்ந்து அவனை வடிவாகப் பார்த்தான். அன்டன் தானே செபத்தைத் தொடங்கினார். அன்று பரிசோதனை சரியாகத்தான் நடந்தது. கரைசல் ஒரே சொட்டில் இளஞ்சிவப்பானது. யாரும் கூவவில்லை.

இரண்டொரு நாளில் யோசெப்பின் போன் எடுத்தாள்.

“உம்மில ஒரு குறையும் இல்லைத் தம்பி. ஆனா நாங்கள் பிள்ளையளை வீட்டில வைச்சுப் படிப்பிக்கிறதே இதுக்காகத்தானே.”

“விளங்குது அக்கா.”

“கோவமே?”

“இல்லையக்கா.”

கோபம் வந்திருந்தால் நல்லது. சனிக்கிழமைகளில் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். அந்தக் கோடை முழுக்க ஜாரி பூங்காவில் ஒரு மர வாங்கில் போய் இருந்தான். இறைச்சி வாட்டும் குடும்பங்களைப் பார்த்துவிட்டு, இருட்ட முன்னம் வீட்டுக்கு நடந்தான்.

இலைகள் கொட்டத் தொடங்கிய காலத்தில் மறுபடி யோசெப்பினின் போன் வந்தது.

“வீடியோவில பாக்கச் சொன்னா, ‘வீடியோ மணக்குமே, சுடுமே’ எண்டு அனோஜினி கேக்கிறாள். படிக்கவும் மாட்டாளாம். இவரும் யோசிச்சவர். செபத்தை நாங்கள் முதலே முடிச்சுக்கொள்ளுறம். நீர் பேந்து வாரும்.”

போனான். நடைவழியில் சப்பாத்திலிருந்து ஈரம் சொட்ட, கோட்டைக் கழற்றாமல் நின்றான். கதவுக்கு அப்பால் பிள்ளைகளின் குரல்கள் ஒன்றாக எழுந்து தணிந்தன. ஆமென் கேட்டதும் கதவு திறந்தது. வகுப்பு முடிய, சாப்பாட்டு நேரத்துச் செபத்தில் அவனைச் சங்கடப்படுத்தக்கூடாதென்று, யோசெப்பின் சோற்றைப் பார்சலாகவே கட்டிக் கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். வீட்டில் சூடாக்கி, யன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டான். வாராவாரம் அப்படியே நடந்தது.

முதல் பனி விழுந்த சனிக்கிழமை பார்சலை வாங்க அவன் கை நீட்டவில்லை.

“நான் இருந்து சாப்பிடட்டே அக்கா?”

யோசெப்பின் கணவரைப் பார்த்தாள். அன்டன் ஒரு கதிரையை இழுத்து மேசையோடு போட்டார்.

செபத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவனும் எழுந்தான், கைகளைக் கூப்பாமல். அந்த மண்டபத்தில் அவனுடைய கண்கள் மட்டுமே திறந்திருந்தன. மூடிய இமைகளோடு நின்ற ஒவ்வொரு முகத்தையும் ஆறுதலாகப் பார்த்தான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு கதிரைகள் இழுபட்டன. அன்டன் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

“குழம்பு காணுமே, இன்னும் கொஞ்சம் விடட்டே?”

“காணும் அண்ணை.”